கை நனைப்பது வேறு, கழுவுவது வேறு

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். "கை நனைச்சிட்டுத்தான் போகணும்" என்று பிடித்து உட்கார வைப்பார்கள். அதேபோல, மனத்தாங்கல் உள்ள பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் மட்டும் எழுதிவிட்டு, கை நனைக்காமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. சாப்பிடுவதற்கே நம் பேச்சில் கை நனைப்பது என்று பெயர். சின்ன வயதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டும் சொல்லியும் வருகிறேன். அது நம் பழக்கத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்று எனக்கு உறைத்தது, என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்து வராண்டாவில் ஒரு மதியம் நின்றுகொண்டிருந்தபோதுதான். சாப்பிடும் முன் நாம் கையை நனைக்கிறோம், அவ்வளவுதான். கழுவுவது சாப்பிட்ட பிறகு.

நான் இருப்பது குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். மகன் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர் என்பதால் மாதத்துக்கு ஒருமுறையாவது மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பேன். அன்றைக்கு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆயா முட்டை வைத்துக்கொண்டே போனார். ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒன்று, கிரவுண்டில் மண் அள்ளி விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தது. முட்டையைத் தரையில் தட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாக உரிக்கிறது. ஓடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போக, உள்ளே இருந்த வெள்ளை முட்டையில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பாக ஒவ்வொரு ரேகை. கட்டை விரல் ஒன்று, ஆள்காட்டி விரல் இரண்டு. முழுசாக உரித்து முடித்தபோது ஸ்டாம்ப் பேடில் உருட்டி எடுத்த மாதிரி இருந்தது அந்த முட்டை. அதை அப்படியே கடித்தாள்.

"கண்ணு, கை கழுவினியா?" என்று கேட்டேன். "கழுவினேன் அத்த" என்றாள். பொய் சொல்லவில்லை. நானே பார்த்தேன், வலது கையை மட்டும் குழாய்க்கு அடியில் நீட்டி எடுத்தாள், ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும், பிறகு அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். என் மகனும்.

குழாயடியில் சோப்பு இல்லை. பள்ளியில் சோப்பே இல்லையா என்றால் இருக்கிறது, ஆபீஸ் ரூம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆயாவிடம் ஏன் என்று கேட்டேன். "வெளிய வெச்சா பசங்க கரைச்சிட்டே இருக்குதுங்க கண்ணு, மிச்சத்தக் காக்கா தூக்கினு பூடுது" என்றார். காக்கா விஷயம் உண்மைதான், கிணற்றடியில் குளித்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த டீச்சர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பீரோவில் இருக்கும் சோப்பு யார் கையையும் கழுவாது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வாஷ்பேசின் பக்கத்தில் சோப்பு இருக்கிறது. எப்போது தொடுகிறோம்? மீன் குழம்பு சாப்பிட்ட பிறகு. பிரியாணி சாப்பிட்ட பிறகு. கையில் எண்ணெயும் வாடையும் போக வேண்டும் என்பதற்காக. கல்யாண மண்டபத்தில் கவனித்துப் பாருங்கள், சாப்பிட்டு முடித்தவர்கள் குழாய்க்கு முன் கூட்டமாக நிற்பார்கள், பந்தியில் உட்காரப் போகிறவர்களில் அந்தப் பக்கம் போகிறவர் யாரையாவது பார்க்க முடிகிறதா? இடம் பிடிக்க ஓடுகிறோம். நாற்காலி, பஸ் கம்பி, செல்போன், ஐம்பது பேரோடு கைகுலுக்கல், மொய்ப் பணம் எல்லாம் தொட்ட கையால் இலையில் தண்ணீர் தெளித்து, அந்தக் கையாலேயே இலையைத் துடைத்து, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைகிறோம். இலையைச் சுத்தம் செய்கிறோம், கையை விட்டுவிடுகிறோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் கிடையாது. 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு, 76-ஆவது சுற்றில், வீடு வீடாகக் கேட்டார்கள். மலம் கழித்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுகிறோம் என்று சொன்ன வீடுகள் 74.1 சதவீதம். சாப்பிடும் முன் சோப்புப் போடுகிறோம் என்று சொன்னவை 35.8 சதவீதம்தான். 60.4 சதவீதம் வீடுகளில் வெறும் தண்ணீர். கிராமங்களை மட்டும் எடுத்தால் சாப்பிடும் முன் சோப்புத் தொடுவது ஏறக்குறைய நாலில் ஒரு வீடு. அதுவும் கேட்டதற்குச் சொன்ன பதில். வாயால் சொல்வதற்கும் குழாயடியில் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்பது அந்தப் பாப்பாவைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது? நம் தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கும், அழுக்கும் கிருமியும் அதில்தான் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் அதன் மேலே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், இன்னொரு முனை எண்ணெயோடு சேரும். அது எண்ணெயைப் பிடித்துப் பெயர்த்துக் கொடுக்க, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொரோனா, ஃபுளூ மாதிரியான வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை இருப்பதால் சோப்பு அதையே குலைத்துவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டா வைரஸுக்கு அந்த மாதிரி உறை இல்லை. அது சாகாது, ஆனால் கையை விட்டுப் போய்விடும். நமக்கு வேண்டியது அதுதானே.

சரி, தெரியாததால்தான் செய்யாமல் இருக்கிறோமா? இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துச் சொன்னால் மாறிவிடுவார்கள் என்று நினைத்தேன். பள்ளிச் சுவரில் ஏழு படிகளில் கை கழுவும் முறை வரைந்திருக்கிறது, ஆறு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால் ஏழு படியையும் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். செய்வது ஒன்றரை நொடி.

என் அம்மா பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் அதுதான் வருமானம். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இலையும் தூளுமாக இருப்பார், விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, கையைக் கிட்டே கொண்டுவந்தாலே புகையிலை நெடி மூக்கில் ஏறும். எனக்கும் தம்பிக்கும் சோறு ஊட்டுவதற்கு முன் அம்மா என்ன வேலையாக இருந்தாலும் எழுந்து போய், துணி சோப்பானாலும் சரி, எடுத்து முழங்கை வரை தேய்த்து, கையை மூக்குக்கிட்டே வைத்து மோந்து பார்த்துவிட்டு, வாடை போகவில்லை என்றால் இன்னொரு தரம் தேய்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். கிருமி என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அந்தக் கையோடு பிள்ளைக்கு ஊட்ட அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். ஆனால் அதே அம்மா, தம்பிக்குக் கால் கழுவிவிட்டு வந்து, வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார். "கொயந்த ஆய்தானே" என்பார். புகையிலை நாறியது, அதனால் சோப்பு. கைக்குழந்தையின் மலம் அவர் மூக்குக்கு அசிங்கமாகவே தெரியவில்லை, அதனால் தண்ணீர். உண்மையில் எது ஆபத்து அதிகம் என்று பார்த்தால் கணக்கு நேர்மாறு. பச்சைக் குழந்தை மலத்திலும் பெரியவர்கள் மலத்தில் இருக்கும் அதே நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

இந்த அருவருப்பு விஷயத்தை வைத்தே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. எல்லையைத் தாண்டினால் சித்தூர் மாவட்டம், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். அங்கே 2011-இல், 14 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் 7 கிராமங்களில் மட்டும் 'சூப்பர் அம்மா' என்று ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். நோய், கிருமி, டாக்டர் என்று பயமுறுத்தும் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே உணர்ச்சிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்த்து ஆளாக்கும் தாயின் பெருமை. இன்னொன்று அருவருப்பு. அதற்காக லட்டு லிங்கம் என்று ஒரு பாத்திரம், அசிங்கமான கையோடு லட்டு பிடிக்கிற ஆள். ஊர் நடுவில் நாடகம் போட்டு, அந்த லட்டைப் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கும்படி செய்துவிட்டார்கள்.

பிறகு எண்ணினார்கள். கேள்வி கேட்டு எண்ணவில்லை, வீடுகளில் போய் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து எண்ணினார்கள். தொடங்கும் முன் முக்கியமான நேரங்களில் சோப்புப் போட்டுக் கழுவியது நூற்றுக்கு ஒன்று இரண்டு தடவைதான். பிரச்சாரம் முடிந்து ஆறு வாரத்தில் 19 சதவீதம், ஆறு மாதத்தில் 37 சதவீதம். அந்த ஆறாவது மாதத்தில் பிரச்சாரம் நடக்காத கிராமங்களில் 6 சதவீதம். 37 என்பது பாதிகூட இல்லையே என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய எண்ணாகத்தான் படுகிறது. ஆட்கள் கிளம்பிப் போன பிறகும் ஏறியிருக்கிறது பாருங்கள், அதுதான் விசேஷம். இந்த ஆய்வு 2014-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது.

எங்கள் பள்ளியில் எனக்கு லட்டு தேவைப்படவில்லை. முட்டை இருந்தது.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியையிடம் கேட்டு, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் முதலில் உட்கார வைத்து, விளையாடிவிட்டு வந்த கையோடு ஆளுக்கொரு முட்டை உரிக்கச் சொன்னேன். உரித்து முடித்ததும் சாப்பிட விடவில்லை. முட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டச் சொன்னேன். "சீ" என்று ஒரு பையன் ஆரம்பித்தான், அப்புறம் வராண்டா முழுக்க "சீ... சீ...". நான் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த முட்டைகளைக் கழுவிக் கொடுத்தோம், வீணாக்கவில்லை. மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உரித்தார்கள், பளபளவென்று வந்தது. இப்போது அவர்களே ஒருவருக்கொருவர் முட்டையைக் காட்டிக்கொள்கிறார்கள், யார் முட்டை வெள்ளை என்று. சோதனை போட நான் போக வேண்டியதில்லை, தினமும் மதியம் முட்டையே வந்துவிடுகிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத் தூளைத் தூவி, சோப்பு தடவிய விரலை வைத்தால் மிளகு சிதறி ஓடும் வீடியோ ஒன்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறதே, அதை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது பரப்பு இழுவிசை மாறுவது, கிருமி சோப்பைக் கண்டு பயந்து ஓடுவதில்லை. பார்க்கிற பிள்ளை சோப்பில் விரலைத் தொட்டால் போதும் என்று நினைத்துக்கொள்ளும். தேய்ப்பதுதான் முக்கியம், அது அந்த வீடியோவில் இல்லவே இல்லை. அதற்குப் பதில் கையில் ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு, கொஞ்சம் ஜிகினாத் தூளைத் தேய்த்து, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், பிறகு சோப்பில். ஜிகினா எங்கெங்கே போகாமல் நிற்கிறது என்று பாருங்கள்: நக இடுக்கு, கட்டை விரலின் பின்பக்கம், விரல் சந்துகள். எங்கே தேய்க்காமல் விடுகிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது.

அப்புறம் சோப்பு பிரச்சினை. காக்காவிடமிருந்தும் கரைவதிலிருந்தும் காப்பாற்ற நாங்கள் செய்தது, கடையில் சின்ன வெங்காயம் வரும் நைலான் வலைப்பை இருக்கிறதே, அதைத் துண்டு போட்டு, உள்ளே சோப்பை வைத்து இறுக்கிக் கட்டி, குழாய்க்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டது. வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை நன்றாக வருகிறது. கீழே விழுவதில்லை, தண்ணீரில் ஊறிக் கூழாவதில்லை, யாரும் பையில் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. அது பழகுவதற்குள் இரண்டு சோப்பு போய்விட்டது, போனால் போகட்டும்.

பிறகு அதைவிட மலிவான ஒன்று கிடைத்தது. வங்கதேசத்தில், டாக்காவில் இருக்கும் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தார் சொன்ன வழி: ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் சலவைத் தூளைப் போட்டுக் குலுக்கி, மூடியில் ஓட்டை போட்டுத் தலைகீழாக அழுத்தினால் கொஞ்சமாகக் கைக்கு வரும். அவ்வளவுதான், திரவ சோப்பு தயார். பாட்டிலை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைப்பட மாட்டார்கள், காக்காவும் தொடாது. நாங்கள் இப்போது கழிவறைப் பக்கத்தில் பாட்டில், சாப்பாட்டுக் குழாயடியில் வலைப்பை சோப்பு என்று வைத்திருக்கிறோம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், குடிக்கும் தண்ணீர் என்று எந்தக் குழந்தையும் நினைத்துவிடக் கூடாது.

அதே வங்கதேசத்தில் நடந்த இன்னொரு காரியம் என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இரண்டு பள்ளிகளில் கழிவறையிலிருந்து கை கழுவும் இடம் வரை பளிச்சென்ற வண்ணத்தில் பாதை போட்டு, தரையில் பாதங்களையும், கை கழுவும் இடத்தில் உள்ளங்கைகளையும் வரைந்துவிட்டார்கள். பேச்சு, பாடம், போஸ்டர் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் கழிவறை போய் வந்து சோப்புப் போட்ட பிள்ளைகள் 4 சதவீதம். கை கழுவும் இடத்தைக் கட்டிக் கொடுத்து, தடங்களையும் வரைந்த மறுநாள் 68, ஆறு வாரம் கழித்து 74 சதவீதம். குழந்தைக்குப் பாதத்தின் மேல் பாதம் வைத்து நடக்கப் பிடிக்கும். நடந்தால் குழாயடியில் போய் நிற்கும். நின்றால் சோப்பு எதிரே இருக்கும். இவ்வளவு எளிமையாக இருக்கிறதே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறு சனிக்கிழமை நாங்களும் வரைந்தோம். என் மகனின் காலை அட்டையில் வைத்துக் கோடு போட்டு வெட்டி, அதை அச்சாக வைத்து, வீட்டுக்கு அடித்தது போக மீந்திருந்த பச்சைப் பெயிண்டில் கழிவறை வாசலிலிருந்து குழாயடி வரை 22 பாதங்கள். காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழு அக்கா ஒருவரும் கூட வந்து உட்கார்ந்து வரைந்தார், அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது, பெரிய காரியம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். மதியம் சத்துணவு. ஆக ஒரு குழந்தை ஒரு நாளில் இரண்டு வேளை பள்ளிக்கூடத்துக் கையோடுதான் சாப்பிடுகிறது, ஸ்பூன் கிடையாது. இவ்வளவு நல்ல சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அதை வாய்க்குக் கொண்டுபோகும் கைக்கு ஒரு சோப்புத் துண்டு இல்லை என்றால் மனசு கேட்கிறதா?

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் சோப்பு கொடுத்து, வாரா வாரம் போய்ப் பேசி, ஒரு வருடம் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வின்படி 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைவு, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமோனியா 50 சதவீதம் குறைவு. வயிற்றுப்போக்காவது புரிகிறது, நிமோனியாவும் பாதியாகக் குறைந்தது என்பதைத்தான் நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். சளி, இருமல் கிருமிகளும் கை வழியாகத்தானே மூக்குக்கும் வாய்க்கும் போகின்றன. இன்னொன்று, கிருமிநாசினி சேர்த்த விலை கூடிய சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. அதனால் விளம்பரத்தைப் பார்த்து எந்தச் சோப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பத்து ரூபாய் சோப்பு போதும்.

கீரிப்பூச்சி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்மார்கள் இதை வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே பேசுவதே இல்லை. ராத்திரியில் குழந்தை ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் புரளும். பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டை வைக்கும் நேரம் அது. சொறிகிற நகத்துக்குள் முட்டை ஏறும், காலையில் அந்த விரல் வாய்க்குள் போகும், பாய், தலையணை, கதவுக் கைப்பிடி என்று வீடு முழுக்கப் பரவும். அந்த முட்டை இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு கிடக்கும். பள்ளியில் வருடத்துக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள், கட்டாயம் போடச் சொல்லுங்கள், தட்டிக் கழிக்காதீர்கள். ஆனால் மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் பார்த்துக்கொள்ளும், நகத்தில் இருக்கும் முட்டையைப் பார்த்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலோடு நகம் வெட்டுவதையும் சேர்த்துவிடுங்கள், காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். என் மகனுக்கு இந்தத் தொல்லை வந்தபோது நான் மூன்று மாதம் மாத்திரை மாத்திரையாக வாங்கினேன், வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் மாத்திரை போட்டு, நகமும் வெட்டிய பிறகுதான் நின்றது.

நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு. இடது கை அசுத்தம், வலது கை சுத்தம் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிடுகிறோம். அதனால் கழிவறை போய் வந்தால் இடது கையை மட்டும் கழுவுவது, சாப்பிடும் முன் வலது கையை மட்டும் நனைப்பது. ஒரு கையால் ஒரு கையைத் தேய்க்க முடியுமா? இடது கை வலது கையைத் தேய்த்தால்தான் இரண்டும் சுத்தமாகும். சோற்றுக்கை பீச்சாங்கை என்று எவ்வளவு பிரித்தாலும் சட்டைப் பொத்தான் போடுவதும் முட்டை உரிப்பதும் இரண்டு கையாலும்தான். பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று, இரண்டு கையும் சேர்ந்துதான் குளிக்கும். ஒன்றிலிருந்து இருபது வரை அவசரப்படாமல் எண்ணி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும்.

கழுவிய பிறகு எங்கே துடைக்கிறோம் என்பதும் முக்கியம். ஈரக் கையில் கிருமி சுலபமாக ஏறும், இறங்கும். சமையல்கட்டு ஆணியில் நாலு நாளாகத் தொங்கும், பாத்திரம், அடுப்பு மேடை, குழந்தை மூக்கு எல்லாம் துடைத்த துண்டில் துடைத்தால் கழுவிய வேலை பாதி வீண். சுத்தமான துண்டு இல்லை என்றால் உதறிவிட்டுக் காற்றில் காய விட்டாலே போதும்.

கொரோனா சமயத்தில் எங்கள் ஊரில் கூட்டுறவுக் கடை, பஸ் ஸ்டாண்டு, பேங்க் என்று எல்லா வாசலிலும் காலால் மிதித்தால் தண்ணீர் வரும் தொட்டிகள் வந்தன. அப்போது நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கழுவினார்கள்! நானே ஆச்சரியப்பட்டேன். இப்போது அந்தத் தொட்டிகளைப் போய்ப் பாருங்கள், ஒன்றில் டீ கப்புகள், ஒன்றில் எச்சில், ஒன்று வெல்டிங் கடைக்குப் போய்விட்டது. பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது. பயத்தை வைத்து வந்த பழக்கம் பயம் இருக்கும்வரைதான். சானிடைசர் பாட்டில் மட்டும் சில பேர் பையில் மிச்சம் இருக்கிறது. அவசரத்துக்கு அது நல்லதுதான், ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால். ஆனால் மண்ணும் எண்ணெயும் படிந்த கைக்கு அது சரிப்படாது, பூச்சி முட்டையை அது ஒன்றும் செய்யாது. கிராமத்துப் பிள்ளையின் கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான்.

தண்ணீர் என்றதும் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் எங்கள் ஊரிலும் டேங்குக்குத் தண்ணீர் ஏறவில்லை, நாலு நாள் குழாய் வறண்டது. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாளியில் கையை விட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள், அது நல்லதில்லை, முதல் பிள்ளையின் அழுக்கு கடைசிப் பிள்ளைக்கு வந்து சேரும். அப்போதுதான் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் குச்சியில் தொங்கவிட்டு, கழுத்தருகே சின்ன ஓட்டை போட்டு, கயிற்றைக் கீழே ஒரு குச்சியில் கட்டிக் காலால் மிதிக்கும்படி செய்தோம். மிதித்தால் கேன் சாய்ந்து நூல் மாதிரி தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் ரொம்ப நாளாக இருக்கிற முறைதான். செம்பில் மொண்டு ஊற்றுவதில் நாலில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை, கேனை யாரும் கையால் தொட வேண்டியதும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர்தான் அதைக் கட்டினார்கள், நான் கயிறு மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் பெல் அடிக்கும் அவசரத்தில் இன்னும் நிறையப் பேர் நனைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். வீடுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வாரம் தெருக்கோடி வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்டி, என் பேரன் இட்லி திங்கக்கூட சோப்பு எங்க ஆயான்னு கேக்கறான், வாசத் தொட்டிகிட்ட ஒண்ணு வெச்சிட்டேன்" என்றார். குரலில் கோபம் மாதிரி இருந்தது, முகத்தில் இல்லை. போய்ப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் பாதி தேங்காய்ச் சிரட்டை, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சோப்பு. எனக்குத் தோன்றாத யோசனை அது, வலைப்பையைவிட நன்றாக இருக்கிறது.

பாதங்கள் மழையிலும் மிதிபட்டும் மங்கிவிட்டன, குழாயடிப் பக்கம் ஐந்தாறு சுத்தமாகவே அழிந்துவிட்டன. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினம் என்று பள்ளியில் ஏதாவது செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உறுதிமொழி எடுப்பார்கள், எடுக்கட்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் மறுபடி வரையப் போகிறோம். பச்சை அரை டப்பா இருக்கிறது, இந்தத் தடவை பாதம் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த பாதம் எட்டவில்லை என்று அந்த முட்டைப் பாப்பா சொன்னாள்.